துருவம் தாழ்ந்த வானத்துக்குக் குட்டைத் தொலைகாட்டி

மட்டக்களப்பு நகரம் வடக்கு அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 8 பாகை உயரத்திலேயே நின்றுவிடும். தென்னைகளையும் கடற்காற்றின் ஈரத்தையும் தாண்டி அது கண்ணில் படுவது அரிது. பதிலுக்குத் தெற்கு வானம் திறந்து கிடக்கிறது. கரினா நெபுலா என்ற வாயு முகில் 22½ பாகைக்கும், ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத பெரிய மகலன் மேகம் என்ற சிறு பேரடை 12½ பாகைக்கும் ஏறும். வடக்கே அந்திரொமீடா பேரடை 56 பாகை வரை வரும். இவை எல்லாமே வானத்தில் அகன்று பரந்தவை. இவற்றைப் படமெடுக்க நீண்ட குழாய் தேவையில்லை, 250 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப்/4.9 துளையும் (குவியத்தூரத்தில் 4.9இல் ஒரு பங்கு விட்டம்) கொண்ட சிறிய வில்லைத் தொலைகாட்டியே பொருத்தம்.

கணக்கு எளிது. கமரா பிக்சலின் மைக்ரோமீற்றர் அளவை 206 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை) என்பது கிடைக்கும். 3.76 மைக்ரோமீற்றர் பிக்சலுக்கு இந்தக் குழாயில் 3.1 விகலை. 23.5 × 15.7 மில்லிமீற்றர் உணரியில் 5.4 × 3.6 பாகை வானம் விழும். 3 பாகை நீளமான அந்திரொமீடா அதற்குள் முழுதாக அடங்கும். 1000 மில்லிமீற்றர் குழாயில் அதே உணரிக்கு அகலம் 1.3 பாகைதான், பேரடையின் நடுப்பகுதியோடு படம் முடிந்துவிடும். பலர் முதலில் வாங்குவது அந்தப் பெரிய குழாயைத்தான், ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது.

குட்டைக் குழாயின் பெரிய நன்மை, துருவ நேர்ப்படுத்தலில் பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்வது. வானம் செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது. குழாயைச் சுமந்து திருப்பும் தாங்கியின் சுழலச்சு துருவத்தை நோக்கினால்தான் மோட்டாரால் அதைச் சரியாகப் பின்தொடர முடியும். அச்சு 5 கலை விலகியிருந்தால், ஒரு நிமிடப் படத்தில் நட்சத்திரம் அதிகபட்சம் 1.3 விகலை இழுபடும். நமது குழாயில் அது அரைப் பிக்சலுக்கும் குறைவு. 1000 மில்லிமீற்றரில் ஏறக்குறைய 1.7 பிக்சல், நட்சத்திரம் கோடாகிவிடும்.

துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் அச்சை எப்படித் திருத்துவது? நகர்வைப் பார்த்துத்தான். உச்சிக்கு அருகே, வான மத்தியகோட்டை (பூமியின் மத்தியகோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரத்தை எடுத்துச் சில நிமிடம் கவனியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கு வானில் தாழ்வாக உள்ள ஒன்றைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே நழுவினால் உயர்வு. மடிக்கணினி இருந்தால் நீனா என்ற இலவச மென்பொருளின் மூன்று புள்ளி முறை இதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும், துருவ நட்சத்திரமே வேண்டாம். கைப்பேசித் திசைகாட்டியைத் தாங்கியின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்து நம்ப வேண்டாம்.

இன்னொன்று. அச்சு இங்கே கிட்டத்தட்டப் படுக்கையாக இருப்பதால், எதிர்ப்பாரத் தண்டு (குழாயைச் சமன்செய்யும் எடை கோத்த தண்டு) முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி இரண்டு கால்களுக்கு நடுவே தண்டு இறங்கும்படி வைக்கலாம். முக்காலிக்கும் தாங்கிக்கும் இடையில் ஓர் உயர்த்துக் குழாய் போடுவது அதைவிட உறுதி. வாங்குமுன் தாங்கி 7 பாகைக்கு இறங்குமா என்று கட்டாயம் கேளுங்கள், சில இறங்குவதில்லை.

இடம் தேர்வதில் திசைதான் முக்கியம். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் நகரிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊர்கள் நெருக்கமாகத் தொடர்வதால் தெற்கு அடிவானம் வெளிறிக்கிடக்கும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளியில் நகர வெளிச்சம் கிழக்கே போய்விடும், தெற்கும் உச்சியும் இருட்டாகக் கிடைக்கும். யானை வரும் பகுதிகள் அங்கே உண்டு, ஆகவே குளக்கட்டை விட்டுக் குடியிருப்புக்கு அருகே நில்லுங்கள். மகலன் மேகத்துக்கு அம்பாறைக் கரையில் பாணமைப் பக்கம் போவதே நல்லது. 12½ பாகை உயரத்தில் ஒளி, உச்சியில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 4½ மடங்கு காற்றைக் கடக்கிறது. அதோடு ஊர் வெளிச்சமும் சேர்ந்தால் எதுவும் மிஞ்சாது.

மாரி ஓய்ந்த மாசியில், இருட்டியதும் ஓரியன் நெபுலா தலைக்கு மேலும் மகலன் மேகம் தெற்கிலும் நிற்கும். கரினாவுக்கு ஏப்ரல் கடைசி, இரவு 9 மணி. லகூன் நெபுலாவுக்கு ஓகஸ்ட். அன்றே விழித்திருந்தால் அதிகாலை 3 மணிக்கு அந்திரொமீடா.

ஒரு படம் 60 செக்கன் போதும். கமராவின் ஒளிப்பரம்பல் வரைபில் (ஹிஸ்டோகிராம்) முகடு இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தூரத்தில் நின்றால் சரி. ஓரத்தில் ஒட்டியிருந்தால் கமராவின் சொந்த இரைச்சலே மேலோங்கும். 120 படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவு ஏறக்குறைய 11 மடங்காகும். அதை இன்னும் இரட்டிக்க 480 படங்கள், அதாவது 8 மணித்தியாலம் வேண்டும். சில படங்களுக்கு ஒரு தடவை குழாயைச் சில பிக்சல் நகர்த்துங்கள், இல்லையேல் உணரியின் குறைகள் அடுக்கிய படத்தில் கீறல்களாகத் தெரியும். குளிரூட்டும் கமராக்களில் பல சூழல் வெப்பநிலையைவிட 35 பாகை செல்சியஸ் அளவே இறங்கும். 28 பாகை இரவில் -10 கேட்டால் அது ஓயாமல் திணறும். 0 அல்லது -5 இல் வைத்து, கமராவின் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியிட்டு எடுக்கும் இருட்படங்களையும் அதே வெப்பநிலையில் எடுங்கள்.

ஒடுங்கிய இரட்டைப் பட்டை வடிகட்டி, ஐதரசனின் 656.3 நனோமீற்றர் சிவப்பையும் ஒட்சிசனின் 500.7 பச்சையையும் விட்டு, தெருவிளக்கைப் பெருமளவு தடுக்கும். கரினாவுக்கு அது வரம். பேரடைக்குப் போடாதீர்கள்: அதன் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் எல்லா நிறமும் சேர்ந்தது, வடிகட்டி அதையும் சேர்த்து வெட்டும்.

இந்தக் கரையில் படத்தை அதிகம் கெடுப்பது ஈரம். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தொல்லை குறைவு. மற்றக் காலங்களில் 12 வோல்ட் சூட்டுப் பட்டியை முன்வில்லை விளிம்பில் முதலிலேயே கட்டிவிடுங்கள், பனி படிந்தபின் கட்டினால் நேரம்தான் போகும். விடிந்ததும் கமராவைக் கழற்றாமல், குவியத்தைத் தொடாமல், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி 25 சமதளப் படங்கள் (தூசி நிழலைக் கழிக்க உதவும் வெறும் வெளிச்சப் படங்கள்) எடுங்கள். கழற்றிப் பூட்டினால் தூசியின் வளைய நிழல்கள் இடம் மாறிவிடும், அந்தப் படங்கள் பிறகு உதவா.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் வில்லையை உலர்துணியால் தேய்க்க வேண்டாம், உப்புப் பரல் பூச்சைக் கீறும். ஊதி அகற்றி, வில்லை துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள். பின் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 110 பாகைச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். நீல நிற வகையில் நச்சுள்ள கோபால்ட் குளோரைட் இருப்பதால், சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது.