காலையும் மாலையும் ஓடும்போது

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் விடியற்காலையில் ஓடிவிட்டு வேலைக்குச் செல்வோரில் சிலருக்கு, அரை மாரத்தான் நெருங்கும்போது, மாலையிலும் ஒருமுறை ஓடினால் என்ன என்று தோன்றும். தாராளமாக ஓடலாம். ஆனால் மாலையில் புதிய தூரத்தைச் சேர்ப்பது வேறு, ஏற்கெனவே ஓடும் தூரத்தை இரண்டாகப் பிரிப்பது வேறு. வாரத்திற்கு 40 கிலோமீட்டர் ஓடுபவர் பிரிப்பதிலிருந்தே தொடங்குவது நல்லது.

முதற்காரணம் எலும்பு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலும்புக்குள் புதைந்துள்ள ஆஸ்டியோசைட் செல்கள் அதை உணர்ந்து, அவ்விடத்தை வலுப்படுத்தும் வேலையைத் தூண்டுகின்றன. ஆனால் ஒரே விதமான அழுத்தம் இடைவிடாமல் வந்தால் அவற்றின் உணர்திறன் விரைவில் மங்கிவிடுகிறது. சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே மீள்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் முன்னங்கால் எலும்புக்கு நாளொன்றுக்கு 360 முறை அழுத்தம் கொடுத்தார்கள். அதை ஒரே தடவையில் பெற்ற எலும்புகளைவிட, தடவைக்கு 90 முறை என நான்கு தடவையாகப் பெற்றவை கூடுதல் வலுப்பெற்றன. எலியின் எலும்பில் கண்ட அளவை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது; எனினும், பத்து கிலோமீட்டரை ஏழும் மூன்றுமாகப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தசை எரிபொருளான கிளைக்கோஜன். கடும் ஓட்டத்தில் தீர்ந்தது முழுமையாக நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், மாலை ஓட்டம் குறைந்த இருப்போடு தொடங்கக்கூடும். 2005-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், பயிற்சியே இல்லாத ஏழு ஆண்களை 10 வாரம் பயிற்றுவித்தார்கள். ஒரு காலுக்கு நாள்தோறும் ஒருமுறை, மறுகாலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இருமுறை; அதில் இரண்டாம் முறை கிளைக்கோஜன் குறைந்த நிலையில் தொடங்கியது. மொத்த உழைப்பு ஒன்றே. இருமுறை உழைத்த காலே களைப்படையாமல் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. ஆனால் தேர்ந்த மிதிவண்டி வீரர்களிடம் பின்னர் செய்த சோதனையில், தசை நொதிகள் கூடியபோதும் செயல்திறனில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே வேண்டுமென்றே பட்டினியோடு மாலையில் ஓட வேண்டியதில்லை; காலை ஓட்டம் முடிந்ததும் அரிசிம்பருப்புச் சோறு ஒரு தட்டு உண்பது மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒருங்கே தரும்.

நம் பகுதியில் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதத்து மாலை ஐந்து மணிக்குச் சாலை இன்னும் கொதிக்கும். காலையில் இழந்த நீரும் உப்பும் ஈடாகாமல் இருந்தால், அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களே கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் மாலை ஓட்டத்தைத் தொடங்கத் தோதான காலம்.

இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். மாலையில் ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிய வேண்டும். முதல் சில வாரங்களுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். அதன் பிறகே தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கணுக்கால் எலும்பின் ஓரிடத்தில் மட்டும் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றால், மாலை ஓட்டத்தை மட்டுமன்றிக் காலை ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.