கடல்விலாங்கைப் பாம்பாக்காதீர்கள்

அண்மையில் ஒரு மீன் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஃபார்மலின் ஜாடி ஒன்றில் 'ஈட்டிக் கடற்பாம்பு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே சுருண்டு கிடந்தது குமரி மாவட்டத்து நீரோடிக் கரையில் நான் சின்ன வயதிலிருந்து பார்க்கும் விலாங்கு. மொழிமாற்றிய ஆவணப்படங்களில் 'கடற்பாம்பு' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது ஈட்டி வேறு.

ஆங்கிலத்தில் இதைப் 'பைக் காங்கர்' என்பார்கள். காங்கர் என்பது ஒருவகைக் கடல் விலாங்கு. அந்தப் பெயர் கிரேக்கத்தில் 'கோங்க்ரோஸ்', அங்கிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. சிலர் அதைக் 'கொங்கர் மீன்' என்று எழுதுகிறார்கள். கொங்கர் என்றால் தமிழில் கொங்கு நாட்டார். கோயம்புத்தூரில் ஏது கடல்? பைக் என்பதும் இங்கே ஈட்டி இல்லை. அது நீண்ட தாடையும் கூரிய பல்லும் கொண்ட ஐரோப்பிய நன்னீர் மீன் ஒன்றின் பெயர். வாய் அதைப் போல இருப்பதால் இந்த விலாங்குக்கும் அந்தப் பெயர். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

அதைக்கூட விட்டுவிடலாம், பாம்பை விட முடியாது. கடற்பாம்பு நிஜமாகவே இருக்கிறது. செதிலும் துடுப்பு போலத் தட்டையான வாலும் உண்டு, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், கடித்தால் உயிர் போகலாம். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் நஞ்சுக்கானது. கடற்பாம்புக்கு அது உதவாது. விலாங்கோ மீன். செவுளால் மூச்சுவிடும். முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி அடிப்பக்கம் வரை ஒரே நாடாவாக ஓடும். கடித்தால் கை கிழியும், ஆனால் நஞ்சு ஏறாது. வலையில் கை கடிபட்டு வருகிறவன் 'கடற்பாம்பு' என்று சொன்னால் டாக்டர் எதை நினைத்துக்கொள்வார்?

நீரோடியில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம் அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போன விலாங்கைச் சாம்பல் தொட்ட கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே, "பாம்ப எவன் மக்கா கூடையில வச்சு விப்பான்?" என்றார். 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்று பழமொழி சொன்ன ஊரில், மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் தலையை மட்டுமே பார்க்கிறார்கள்.

விலாங்குக்கு இன்னொரு பழைய பெயர் மலங்கு. புறநானூறு 61இல் 'மலங்கு மிளிர் செறு' என்று வரும், அதாவது மலங்கு புரளும் வயல். எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூர்ப் பக்கம் போனால் மலையாளத்தில் மலஞ்ஞில், தெலுங்கில் மலுகு. தெலுங்கர் அதை 'மலுகு பாமு' என்று பாம்பாக்கியும் சொல்வதுண்டே என்று ஒருவர் மடக்கினார். சொல்லட்டும், மலுகு முன்னால் நிற்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை. நம்மவர்கள் மலங்கையும் விலாங்கையும் தூக்கி எறிந்துவிட்டுப் பாம்பை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

ஜப்பானியர் நன்னீர் விலாங்கை உனகி, காங்கரை அனகோ, இந்தப் பைக் காங்கரை ஹமோ என்று தட்டு மாறாமல் சொல்வார்கள். நமக்கும் பஞ்சமில்லை. காங்கருக்குக் கடல்விலாங்கு போதும். நம் கடலின் பைக் காங்கர் வேறு குடும்பம்தான். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'நீள்வாய்க் கடல்விலாங்கு' என்பேன். பாறை இடுக்கிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும் 'மொரே'வுக்கு அஞ்சாலை என்ற பெயர் கரையில் ஏற்கெனவே உண்டு, சிலர் நாக்கில் அஞ்சாளை. அதற்கும் 'மோரை விலாங்கு' என்று எழுதி மோர்ப்பானையை நினைவுபடுத்துகிறவர்களை என்ன செய்வது?

மணலில் வாலால் குழி பறித்துப் புதையும் ஒரு விலாங்குக் கூட்டம் இருக்கிறது. பலவற்றுக்கு வால்நுனியில் துடுப்பே இராது, கூராக இருக்கும். பார்த்தால் சட்டென்று பாம்பென்றே தோன்றும். அதற்கு மட்டும் பாம்பு விலாங்கு என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.