டிரைவ்-இன் தியேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

டிரைவ்-இன் என்ற சொல்லை நான் முதலில் படித்தது பஸ் ஜன்னல் வழியாக. கடலூரிலிருந்து புதுச்சேரி போய், அங்கே பஸ் மாறி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போனால், ஊர் நெருங்கும்போது இஞ்சம்பாக்கத்தில் அப்போதெல்லாம் பிரார்த்தனா டிரைவ்-இன் தியேட்டர் வரும். அப்படின்னா என்னம்மா என்று கேட்டதற்கு, "காருக்குள்ளயே உக்காந்துகினு படம் பாக்கறது" என்றார் அம்மா. எங்களிடம் கார் கிடையாது, அதனால் உள்ளே போனதில்லை. ஆனால் அந்தச் சொல் மனதில் ஒட்டிக்கொண்டது.

இப்போது அது திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு நண்பர். மூடிப்போன சினிமா கொட்டகைகள் எங்கெங்கே இருந்தன என்று கடலூர், புதுச்சேரி பக்கத்தில் விசாரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார், அதில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தபோது டிரைவ்-இன் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல். டிரைவ் என்றால் ஓட்டுவது, இன் என்றால் உள்ளே. வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே வரலாம், இறங்க வேண்டாம், அவ்வளவுதான். இந்த வழக்கம் சினிமாவில் தொடங்கவில்லை, சாப்பாட்டில் தொடங்கியது: 1921இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பிக் ஸ்டாண்ட் என்ற கடை, காரை விட்டு இறங்காமலே வாங்கிச் சாப்பிடும் இடமாகத் திறந்தது. நம் ஊரிலும் அதே வரிசைதான். தமிழ்நாட்டில் டிரைவ்-இன் என்றால் ஒரு தலைமுறைக்கே சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல்தான் நினைவுக்கு வரும். மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவில் தட்டை மாட்டி தோசையும் காபியும் கொடுப்பார்கள். 2008இல் அது மூடப்பட்டது, 2010இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரில் அத்தனை வருடம் புழங்கிய மண்ணுக்கே செம்மொழி என்று பெயர் வந்துவிட்டது, ஆனால் அங்கே இருந்த டிரைவ்-இன்னுக்கு மட்டும் கடைசி வரை ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

சினிமாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், நியூ ஜெர்சிக்காரர். வீட்டு வாசலில் கார் பானெட்டின் மேல் 1928ஆம் வருடத்து கோடாக் புரொஜெக்டரை வைத்து, இரண்டு மரத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, துணிக்குப் பின்னால் ரேடியோவை வைத்துப் பார்த்திருக்கிறார். மழை பெய்தால் கண்ணாடி வழியாகப் படம் தெரியுமா என்பதற்குப் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பிவிட்டிருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே, அதற்கு என்ன செய்வது என்பது. முன் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் ஒவ்வொரு வரிசைக்கும் மண்ணை மேடாக்கி, காரின் மூக்கு சற்றுத் தூக்கி நிற்கும்படி சரிவு அமைத்தார். அந்தச் சரிவுகளுக்குத்தான் 1933 மே மாதம் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மாதம், ஜூன் 6ஆம் தேதி, கேம்டன் அருகே முதல் அரங்கைத் திறந்தார். கட்டணம் காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. பிள்ளைகுட்டியோடு வரும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் தன் நிறுவனத்துக்கு வைத்த பெயர் பார்க்-இன் தியேட்டர்ஸ். ஓட்டு என்பதை விட்டுவிட்டு நிறுத்து என்பதைப் பிடித்திருக்கிறார். யோசித்தால் அதுதான் சரி. வாசலிலிருந்து வரிசைக்குப் போகும் இரண்டு நிமிடம்தான் ஓட்டுவது, மீதி நேரமெல்லாம் வண்டி நிற்கிறது. உள்ளோட்டு அரங்கு, ஓட்டிச்செல் திரை என்றெல்லாம் நேராக மொழிபெயர்த்தால் பொருந்தாமல் போவது இதனால்தான். டிரைவ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

அவருடைய காப்புரிமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. நாற்காலி வரிசையைச் சரிவாகப் போடுவதுபோல் கார் வரிசையைப் போட்டது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1949இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஏற்கெனவே பெருகிக்கொண்டிருந்த டிரைவ்-இன்கள் இன்னும் வேகமாகப் பெருகி, 1958 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் 4000க்கு மேல் ஆகிவிட்டன. ஒலிக்குத்தான் ரொம்பப் பாடுபட்டார்கள். முதலில் திரைக்குப் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள், கடைசி வரிசைக்கு வாயசைவு முடிந்த பிறகுதான் வசனம் போய்ச் சேரும், அக்கம்பக்கத்து வீடுகளில் தூங்கவும் முடியாது. அப்புறம் ஆர்சிஏ நிறுவனம் கார் ஜன்னலில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தது. பிற்பாடு கார் ரேடியோவிலேயே எஃப்எம் அலைவரிசையில் கேட்கும் வழி வந்தது.

பிறகு டிவி வந்தது, ஊர் விரிந்து நிலத்தின் விலை ஏறியது, வீடியோ கேசட் வந்தது, டிரைவ்-இன்கள் ஒவ்வொன்றாக மூடின. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் முறையை அமெரிக்கா 1967 முதல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது, அதனால் இருட்டுவதற்கே ராத்திரி ஒன்பதாகி, படம் முடிய நடுராத்திரி தாண்டிவிட்டது. கடலூரில் வருடம் முழுக்க ஆறு, ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், நமக்கு அந்தச் சிக்கல் இருந்திருக்காது. நமக்குச் சிக்கல் ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும். திறந்த வெளியில் அவ்வளவு உயரத் திரை என்பது காற்றுக்கு எதிரே பாய் விரித்து நிறுத்துவது மாதிரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்ததை நேரில் பார்த்தவர்களுக்கு, எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்து யாரும் டிரைவ்-இன் கட்ட முன்வராதது புரியும்.

மூடிப்போன டிரைவ்-இன்கள் எங்கே இருந்தன என்று தேடுகிறவர்களுக்கு ஹாலிங்ஸ்ஹெட்டின் அந்த மண் மேடுகள்தான் பெரிய துணை. திரை போய்விட்டாலும், டிக்கெட் கொடுத்த இடம் இடிந்துவிட்டாலும், விசிறி மாதிரி வளைந்து வளைந்து போகும் மேட்டு வரிசைகள் புல்லுக்கு அடியில் அப்படியே கிடக்கும். தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலிருந்து எடுத்த பழைய படங்களிலோ செயற்கைக்கோள் படத்திலோ பார்த்தால் குளத்தில் கல் போட்டதுபோல் அலை அலையாகத் தெரியும். இன்னும் ஓடுகிறவற்றில் மிகப் பழையது பென்சில்வேனியாவில் ஓர்ஃபீல்டில் உள்ள ஷாங்க்வைலர்ஸ், 1934இல் தொடங்கியது.

இன்னொரு தடயம் பெயர். அகமதாபாத்தில் 1973இல் சன்செட் டிரைவ்-இன் சினிமா வந்தது, 665 கார் நிற்கும் இடம். அது இருக்கும் சாலைக்கே டிரைவ்-இன் ரோடு என்று பெயர் ஆகிவிட்டது. மும்பையில் 2021 நவம்பரில் ஒரு வணிக வளாகத்தின் மொட்டை மாடியில் 290 கார் நிற்கும்படி ஜியோ டிரைவ்-இன் திறந்தார்கள், இடம் கிடைக்காத நகரத்தில் மாடிக்கே வண்டியை ஏற்றிவிட்டார்கள். நம் பிரார்த்தனாவுக்கு ஜனங்கள் பாயும் தலையணையும் வீட்டுச் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போய், காருக்கு முன்னால் விரித்து உட்கார்ந்து பார்த்ததாகப் போனவர்கள் சொல்வார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி, ஏனென்றால் அங்கே டிரைவ்-இன் பாதி டூரிங் டாக்கீஸாகிவிட்டது.

டூரிங் டாக்கீஸ் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியதிலிருந்து, இங்கே வண்டியில் ஏறிப் பயணம் செய்தது கொட்டகைதான். அமெரிக்காவில் வண்டியோடு வந்தது பார்வையாளர். இரண்டிலும் வானம்தான் கூரை மாதிரி (டென்டின் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும்). வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் நமக்குப் புதுசு இல்லை. தெருக்கூத்து நடக்கும் ராத்திரியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளைகளைப் படுக்கவைத்து விடிய விடிய அதிலேயே உட்கார்ந்து பார்த்ததை எங்கள் ஆயா நிறையச் சொல்லியிருக்கிறார்.

சரி, சொல்லுக்கு வருவோம். பலரும் எழுதுவது திறந்தவெளித் திரையரங்கு. இது போதாது. கடற்கரையில் மேடை போட்டு நிகழ்ச்சி நடத்தினாலும் திறந்தவெளி அரங்கு, கோயில் திருவிழாவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினாலும் திறந்தவெளிதான். வண்டி என்ற விஷயமே அதில் இல்லை. மகிழுந்துத் திரையரங்கு என்று சிலர் சொல்லக்கூடும், ஆனால் மகிழுந்து என்றால் கார் மட்டும். வேனில் வந்தவர், பைக்கில் வந்தவர் எல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான். இயங்கு அரங்கு, நகர் அரங்கு என்பவை நேர்மாறான பொருள் தரும், அரங்கே நகர்வது டூரிங் டாக்கீஸ்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் கார், சினிமா இரண்டையும் சேர்த்து ஆட்டோகீனோ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ஆட்டோசீனே. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் சினே-பார்க் என்று வைத்துக்கொண்டார்கள், பிரெஞ்சு படித்தவர்கள் இன்னமும் இருக்கும் புதுச்சேரியில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒருவர்கூட ஓட்டு என்ற வினையைத் தொடவில்லை. வண்டியையோ நிறுத்துமிடத்தையோ சினிமாவோடு சேர்த்திருக்கிறார்கள், முடிந்தது.

அந்த வழியில் போனால் எனக்குச் சரியாகப் படும் சொல் ஊர்தியரங்கு. விரித்து எழுத வேண்டுமானால் ஊர்தித் திரையரங்கு.

ஊர் என்ற வினைக்கு மெல்ல நகர்வது என்று ஒரு பொருள், ஏறிச் செல்வது என்று ஒரு பொருள். இது முக்கியம். குறளில் சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்ந்தானையும் பற்றி வருமே, அங்கே ஊர்ந்தான் எதையும் ஓட்டவில்லை, உட்கார்ந்து வருகிறான். ஓட்டுபவருக்குப் பழந்தமிழில் வேறு சொல்லே இருந்தது, வலவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வலவன் ஏவா வான ஊர்தி என்று வருகிறது, ஓட்டுபவர் செலுத்தாமலே போகும் வான வண்டி. ஆக ஊர்தி என்றால் ஏறி அமர்ந்து போவது, அதில் ஓட்டுநரும் அடக்கம், பின் இருக்கையில் தூங்கும் குழந்தையும் அடக்கம். ஆங்கிலத்தின் டிரைவ் ஸ்டீயரிங் பிடித்தவரை மட்டும் பார்க்கிறது, ஊர்தி வண்டிக்குள் இருக்கும் எல்லோரையும் பார்க்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நண்பர் ஒரு தடை சொன்னார். ஊர்தி என்றாலே ஜனங்களுக்கு அமரர் ஊர்திதான் நினைவுக்கு வரும், படம் பார்க்கிற இடத்துக்கு அது வேண்டாமே என்று. அந்த வண்டி தெருவில் போகும்போது எல்லோரும் படிக்கும் சொல் என்பது உண்மை. ஆனால் குடியரசு நாள் அணிவகுப்பில் வருவது அலங்கார ஊர்தி, முருகனின் மயிலும் ஊர்திதான், இதெல்லாம் அதே அளவு பழகிய வழக்கு. ஒரு சொல் எதனோடு சேர்கிறதோ அதன் நிறம் அதற்கு வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் குழப்பம் இப்போது நெடுஞ்சாலையில் அதிகம். வண்டியிலேயே வரிசையில் வந்து, ஜன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவது டிரைவ்-த்ரூ, அங்கே நிற்பதே கிடையாது. அதற்கு ஊர்திவழி விற்பனை என்றோ வண்டிவழிக் கடை என்றோ சொல்லலாம். நிறைய வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் டிரைவ்-இன் என்று பலகை மாட்டிய ஓட்டல்களும் உண்டு, இறங்கி உள்ளே போய் மேசையில் சாப்பிட்டால் அது டிரைவ்-இன் ஆகாது.

பேச்சில் ஊர்தியரங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். திரையரங்கு என்று எழுதுகிறோம், கொட்டா என்றுதானே சொல்கிறோம். எங்கள் ஆயாவிடம் இந்த இடத்தை விவரித்திருந்தால் வண்டிக் கொட்டா என்றிருப்பார், கேட்ட யாருக்கும் மறுகேள்வி வந்திருக்காது. எழுத்துக்கு ஊர்தியரங்கு, பேச்சுக்கு வண்டிக் கொட்டா, இரண்டும் இருக்கட்டும்.

நண்பரின் நோட்டில் இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "பிரார்த்தனா ஊர்தியரங்கு, இஞ்சம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை. ஜனங்கள் சொன்னது டிரைவ்-இன்."