ஆண் நாய்க்குக் கருத்தடை: அசையாமல் கிடந்தால் வலியில்லை என்றாகிவிடாது

"ஒரு ஊசி போட்டா தூங்கிடும்ல டாக்டர், அப்புறம் எதுக்கு இத்தனை மருந்து?" பில்லைக் கையில் பிடித்தபடி வரும் இந்தக் கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொழிலுக்குள் இருப்பவர்களே "பத்து நிமிஷ வேலை, சைலசின்-கீட்டமின் மயக்க ஊசி போட்டா போதும், நாய் அசையாது" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அசையாது, சரி. வலிக்காது என்று யார் சொன்னது?

தூக்கம் வேறு, தசை தளர்வது வேறு, வலி அடங்குவது வேறு. மூன்றையும் ஒரே மருந்து ஒழுங்காகச் செய்துவிடாது. அதனால்தான் கலவை. புரோபோஃபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அருமையாகத் தூங்க வைக்கும், வலிக்கு ஒன்றும் செய்யாது. கத்தி வைக்கும்போது நாய் பேசாமல் கிடக்கும். விரையை வெளியே எடுத்து விந்து நாணை (விரைக்கு ரத்தக்குழாயும் நரம்பும் வரும் கயிறு) இழுத்து கிளாம்ப் போடும் அந்த நொடியில் மானிட்டரைப் பாருங்கள்: 80-இல் இருந்த நாடித்துடிப்பு 130, 140 என்று ஏறும், மூச்சு வேகமெடுக்கும். கால் மட்டும் அசைந்திருக்காது. உடனே "மயக்கம் பத்தலை" என்று இன்னும் கொஞ்சம் புரோபோஃபாலைத் தள்ளுவார்கள். மூச்சு நின்றுபோகும். அங்கே குறைந்தது வலி மருந்து. கூட்டியது தூக்க மருந்து.

இனி கலவைகள். நம் ஊரில் அதிகம் புழங்குவது சைலசின்-கீட்டமின். சைலசின் கிலோவுக்கு 1 மி.கி., கீட்டமின் 5 முதல் 10 மி.கி., முன்னதாக நாடி இறங்காமல் பிடிக்கும் அட்ரோபின் 0.04 மி.கி. 15 கிலோ நாட்டு நாய்க்கு மில்லிக்கு 0.6 மி.கி. ஆம்பூலில் அட்ரோபின் 1 மில்லி, மில்லிக்கு 20 மி.கி. வயலில் சைலசின் 0.75 மில்லி, பத்து நிமிடம் கழித்து மில்லிக்கு 50 மி.கி. வயலில் கீட்டமின் 3 மில்லி வரை. வரிசையை மாற்றாதீர்கள், சைலசின் வேலை செய்வதற்குள் கீட்டமின் ஏறினால் உடல் விறைக்கும், வலிப்புகூட வரும். சைலசின் போட்டதும் நாய் வாந்தி எடுப்பது "மருந்து ஒத்துக்கல" என்பதன் அடையாளம் இல்லை, அந்த மருந்தின் குணமே அது. கீட்டமினில் கண் திறந்தே இருக்கும். கண் களிம்பு தடவ மறந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும்.

சைலசின் மில்லிக்கு 20 மி.கி. வயலாகவும் வருகிறது, 100 மி.கி. வயலாகவும் வருகிறது. பழக்கத்தில் அதே 0.75 மில்லியைப் பெரிய வயலிலிருந்து இழுத்தால் 75 மி.கி., ஐந்து மடங்கு. லேபிளைப் படிக்காமல் சிரிஞ்சை எடுக்காதீர்கள். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்.

சைலசினின் முறிவு மருந்து யோஹிம்பின், கிலோவுக்கு 0.1 மி.கி. அது சைலசினை மட்டுமே முறிக்கும், கீட்டமினைத் தொடாது. கீட்டமின் போட்டு 40 நிமிடமாவது ஆகாமல் கொடுத்தால் நாய் அலறிக்கொண்டு எழும். இன்னொன்று, சைலசின் தந்த வலி நிவாரணமும் அதோடு போய்விடும். ஆகவே வலி மருந்து முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

செலவு தாங்குமென்றால் சைலசின் வகையைச் சேர்ந்த டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம், வலி மருந்தான புட்டோர்ஃபனால் கிலோவுக்கு 0.2 மி.கி., இரண்டையும் சேர்த்துத் தசையில் போட்டுவிட்டு, புரோபோஃபாலை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ரத்தநாளத்தில் செலுத்தி, மூச்சுக்குழாயில் குழாய் போட்டு ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு (கேஸ்). முன்மருந்து இருப்பதால் புரோபோஃபால் கிலோவுக்கு 1, 2 மி.கி.யிலேயே பெரும்பாலும் போதும். இங்கே நாடி குறைகிறதே என்று வழக்கம்போல அட்ரோபின் போடாதீர்கள். ரத்தக்குழாய் சுருங்கியதால் இதயம் நிதானிக்கிறது, அதை விரட்டினால் அதற்குத்தான் பாரம். புட்டோர்ஃபனால் ஒரு மணி நேரம்கூட நிற்காது, அதை நம்பி இருந்துவிட வேண்டாம். மீந்த புரோபோஃபாலை நாளைக்கு வைப்பதும் வேண்டாம். அது கொழுப்புக் குழம்பு, கிருமிக்கு விருந்து.

டைலெட்டமின் (கீட்டமின் வகை)-சோலசெபாம் (அமைதிப்படுத்தும் மருந்து) கலவை கருத்தடை முகாம்களுக்கு வசதி. ஆனால் நாய்க்குச் சோலசெபாமின் வேலை முதலில் முடிந்துவிடுவதால் எழும்போது உளறும், தள்ளாடும். இருட்டான, அமைதியான கூண்டு வேண்டும்.

எந்தக் கலவையானாலும் சேர்க்க வேண்டிய மருந்து இருப்பதிலேயே மலிவானது: அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் 2% லிக்னோகெய்ன். மெல்லிய ஊசியை விரையின் நடுவே செலுத்தி, பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, விரை சற்று இறுகும்வரை மெல்லச் செலுத்துங்கள். 15 கிலோ நாய்க்கு ஒவ்வொரு விரைக்கும் 1 மில்லி, வெட்டும் கோட்டில் அரை மில்லி, மொத்தம் 50 மி.கி. ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு நாணை இழுக்கும்போது நாடி எகிறுகிறதா பாருங்கள். சில ரூபாய்க்கு இதைச் செய்யாமல் விடுவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு நியாயமும் இல்லை.

"கேஸ்னா ரிஸ்க் இல்லையாமே?" கேஸும் ரத்த அழுத்தத்தை இறக்கும். கேஸோடு சேர்ந்து வரும் குழாய், ஆக்சிஜன், பக்கத்தில் நின்று மூச்சை எண்ணும் ஆள், இவைதான் காப்பாற்றுகின்றன. ஊசி மயக்கத்திலும் இவற்றைக் கேட்டு வாங்கலாம். 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் மயக்கம் கொடுத்த சுமார் 98,000 நாய்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவற்றில் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று இறந்தது, நோயுள்ளவற்றில் 75-க்கு ஒன்று. நாய்களின் மொத்த மரணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அறுவை முடிந்த பிறகு, அதிலும் பாதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். "கண்ணைத் திறந்துடுச்சே, கூட்டிட்டுப் போறோம்" என்று அவசரப்படுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: "வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரல" என்று காலையில் ஊட்டும் அந்தப் பால்சோறுதான் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகிறது. 6 முதல் 8 மணி நேரம் திட உணவு கூடாது. தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை தரலாம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். உண்ணி இருந்த நாயென்றால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். உண்ணிக் காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்திருந்தால் விரைப்பை ரத்தம் கட்டி வீங்கும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்குக் குழாய் இல்லாமல் மயக்கமே வேண்டாம். அது தலையைத் தூக்கி விழுங்கும்வரை குழாயை எடுக்கவும் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற கொழுப்பில்லாத ஒல்லி நாய்களுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க ஊசியைத் தவிருங்கள், தெளிய வெகுநேரமாகும்.

வீட்டுக்கு வந்தபின் வலி மருந்து மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.1 மி.கி., நாளுக்கு ஒரு முறை, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் எழுதிய நாட்களுக்கு மட்டும். அன்றிரவு நாய் முனகினால் போன் செய்யுங்கள். தயவுசெய்து உங்கள் மாத்திரை டப்பாவிலிருந்து புரூஃபனை எடுத்துக் கொடுக்காதீர்கள்.