30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

ஜூலை வந்தால் என் அலுவலகம் கொஞ்சம் மூச்சு விடும். ஏப்ரல் கெடு முடிந்து, அவகாசம் வாங்கியவர்களின் கோப்புகள் மட்டும்தான் மேசையில் இருக்கும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வீரர்கள் அணி மாறுவதும் இதே நாட்களில்தான். ஜூன் 30 மாலை 6 மணிக்கு ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எந்த அணியோடும் பேசலாம் என்ற காலம், தொடங்கும். ஜூலை 6 வரை பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட முடியாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆனால் தொகை மட்டும் முதல் மணி நேரத்திலேயே எல்லார் தொலைபேசிக்கும் வந்துவிடும்.

நியூ ஜெர்சியில் பதினைந்து வருடமாக வரிக் கணக்கு பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். 2023 ஜூலையில் ஒருவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பதினோராம் வகுப்புப் பையன், பள்ளி அணியில் ஆடுகிறான். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ஜேலன் பிரவுன் ஐந்து வருடத்துக்கு 30.4 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட செய்தியைக் காட்டினான். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் பேசப்படாத தொகை.

"அங்கிள், வருஷத்துக்கு ஆறு கோடி டாலர். அப்பா இன்னும் கோடிங் படின்னுதான் சொல்றார்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் மஞ்சள் தாளை எடுத்து 30.4 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஏனென்றால் அந்த எண் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே இல்லை.

பிரவுன் போன்ற உச்ச வீரரின் ஒப்பந்தம் விகிதக் கணக்கு. ஒப்பந்தம் தொடங்கும் சீசனில் சாலரி கேப், அதாவது அணிகளுக்கான சம்பள வரம்பு, எவ்வளவோ அதில் 35 சதவீதம் முதல் வருடச் சம்பளம். பிறகு வருடா வருடம் அந்த முதல் வருடத் தொகையில் 8 சதவீதம் கூடும். 2023-இல் வரம்பு 13.6 கோடி டாலர். அடுத்த வருடம் அது 10 சதவீதம் ஏறும் என்று வைத்துத்தான் 30.4 கோடி என்று செய்தி போட்டார்கள். உண்மையில் ஏறியது மூன்றரை சதவீதம்கூட இல்லை, வரம்பு 14.06 கோடியில் நின்றது. ஆக முதல் வருடம் 4.92 கோடி, ஐந்து வருடம் சேர்த்து 28.54 கோடி. ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஒன்றே முக்கால் கோடி டாலருக்கு மேல் குறைந்துவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. செய்தியில் வந்தது ஊகம், அவ்வளவுதான்.

அதே அணியின் ஜேசன் டேட்டமுக்கு 2024-இல் 31.4 கோடி என்றார்கள். அந்த ஊகம் பலித்தது. 11 வருடத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் 2025-26 சீசனில் தொடங்கியதால், வரம்பு அனுமதிக்கப்பட்ட உச்சமான 10 சதவீதமும் ஏறியது.

சரி, அந்த 4.92 கோடிக்கு வருவோம். இவ்வளவு வாங்கி பாஸ்டனில் ஆடும் ஒருவருக்குத் தோராயமாக ஒரு கணக்கு. முதலில் 10 சதவீதம் எஸ்க்ரோவில் நிறுத்திவைக்கப்படும். லீக்கின் கூடைப்பந்து வருமானத்தில் வீரர்களின் பங்கு 49 முதல் 51 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உடன்பாடு. சம்பளங்கள் அதைத் தாண்டினால், தாண்டிய தொகை இந்த எஸ்க்ரோவிலிருந்து அணிகளுக்குப் போகும்; மிச்சம் இருந்தால்தான் வீரருக்குத் திரும்பும். இப்போதைக்குக் கையில் 4.43 கோடி. அதில் கூட்டாட்சி வருமான வரி உச்ச விகிதம் 37 சதவீதம். மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரி 2.35 சதவீதம். மாசசூசெட்ஸில் வரி 5 சதவீதம்தான், ஆனால் பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேலே போனால் இன்னும் 4 சதவீதம்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் மாநிலங்களும் அங்கே வேலை செய்த நாட்களுக்கு வரி கேட்கும். கலிஃபோர்னியாவின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே கிடையாது. இதனால் ஒரே வீரருக்கு ஒரே வருடத்தில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிவரும். வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போய் வரும் நம் ஐடி ஆட்களுக்கும் இதே சட்டம்தான் என்பதைப் பலர் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஏஜென்ட் கட்டணம் அதிகபட்சம் 4 சதவீதம். 3 என்று வைத்துக்கொள்வோம். 2018 முதல் அந்தக் கட்டணத்தைக் கூட்டாட்சி வரியில் கழிக்க முடியாது. கொடுத்த பணத்துக்கும் வரி கட்ட வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவது 2.15 கோடி டாலர் அளவில். பையன் சொன்ன ஆறு கோடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அதுவும் பெரும்பணம்தான். அந்த வீரர்களுக்காக நான் கவலைப்படவில்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைத் திட்டமிடும் பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன். 30 அணிகள், அணிக்கு 15 பேர், மொத்தம் 450 இடம். அதற்குக் கீழே அணிக்கு மூன்று டூ-வே ஒப்பந்தம், அதாவது பெரிய அணிக்கும் அதன் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவதற்கான ஒப்பந்தம். 2025-26-இல் டூ-வே வீரருக்கு சுமார் 6.36 லட்சம் டாலர், லீக்கில் புதிதாக வருபவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் சரிபாதி. அந்த 450 பேரிலும் சிலரது சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஜனவரி 10 வரை அணியில் நீடித்தால்தான் அந்த சீசனின் முழுச் சம்பளமும் உறுதியாகும். அதனால் ஜனவரி முதல் வாரத்தில் கழற்றிவிடப்படுகிறவர்கள் உண்டு.

எவ்வளவு என்பதைவிட எவ்வளவு உறுதி என்பதுதான் பெரிய கேள்வி. மில்வாக்கியின் டேமியன் லில்லார்டைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் ஆட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் பாக்கி இரண்டு வருடம், 11.2 கோடி டாலருக்கு மேல், முழுவதும் உறுதி. மைல்ஸ் டர்னர் என்ற வேறொரு வீரரைச் சேர்க்கச் சம்பளக் கணக்கில் இடம் தேடிய அணி லில்லார்டை விடுவித்து, பாக்கியை நீட்டியது. இதற்கு ஸ்ட்ரெட்ச் என்று பெயர். மிச்ச வருடங்களை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் ஐந்து வருடம், வருடத்துக்கு 2.25 கோடி. லில்லார்ட் தன் பழைய அணியான போர்ட்லாந்துக்குத் திரும்பிப் புது ஒப்பந்தம் போட்டார். ஆனாலும் மில்வாக்கியின் கணக்கில் 2030 வரை அவர் பெயர் இருக்கும்.

அதே ஆண்டு ஜூலையில் ஃபீனிக்ஸ் அணியில் பிராட்லி பீல். அவருக்கும் பாக்கி 11 கோடி டாலருக்கு மேல். ஆனால் நீட்டிய பாக்கிகள் எல்லாம் சேர்ந்து சம்பள வரம்பில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. ஃபீனிக்ஸ் ஏற்கெனவே சிலரை இப்படி நீட்டியிருந்தது. அந்த விதிக்குள் அடங்குவதற்காக பீல் சுமார் 1.39 கோடி டாலரை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். விட்டுக்கொடுக்க அவருக்கு இடம் இருந்தது. வேறு அணிக்கு மாற்ற அவர் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அவர் கையில் இருந்தது.

லூகா டான்சிச்சிடம் அந்தச் சம்மத உரிமை இல்லை. 2025 பிப்ரவரியில் டாலஸ் ஒரே இரவில் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியது. டாலஸிலேயே இருந்திருந்தால் அந்தக் கோடையில் 34.5 கோடி வரை ஒப்பந்தம் போடத் தகுதி இருந்திருக்கும். அணி மாறியதும் அந்தத் தகுதி போனது. மாநில வரி இல்லாத ஊரிலிருந்து அதிகம் உள்ள ஊருக்குப் போனது வேறு. இரண்டுமே அவர் எடுத்த முடிவு அல்ல.

செல்டிக்ஸ் கதையிலும் கணக்குத்தான் முதல் ஆட்டக்காரர். 2025 மே மாதம் டேட்டமுக்கும் அக்கிலிஸ் கிழிந்தது. இருக்கும் ஆட்களோடே தொடர்ந்திருந்தால், சம்பளமும், சம்பள வரம்புக்கு மேலே குறிப்பிட்ட அளவையும் தாண்டும் அணி லீக்குக்குக் கட்டும் லக்சரி டாக்ஸும் சேர்ந்து அடுத்த சீசனில் 50 கோடி டாலரைத் தொடும் நிலை. 2023 உடன்பாட்டில் வந்த 'இரண்டாம் ஏப்ரன்' என்ற, வரம்புக்கு வெகு மேலே உள்ள சம்பளக் கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. வர்த்தகத்தில் ரொக்கமும் தர முடியாது. 2025-26-இல் அந்தக் கோடு சுமார் 20.8 கோடி. ஒரு வருடம் முன்பு கோப்பை வாங்கித் தந்த ஜ்ரூ ஹாலிடேயும் போர்ஸிங்கிஸும் ஜூன் மாதத்திலேயே வெளியே அனுப்பப்பட்டார்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பெயர் வேண்டாம், ஒரு வாடிக்கையாளர். புது வேலையில் சேர்ந்தபோது 40,000 டாலர் சேர்க்கை போனஸ். பிடித்தம் போகக் கையில் வந்தது 26,000 அளவில். பத்து மாதத்தில் வேறு இடம் கிடைத்து விலகினார். பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் போனஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. வரி வருடம் மாறிவிட்டதால், கைக்கு வராத பணத்தையும் சேர்த்து 40,000 கேட்டார்கள். விலகிய பிறகுதான் என்னை அழைத்தார்.

"வாங்காத பணத்தை எப்படி சார் திருப்பித் தர்றது?"

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. திருப்பித் தந்த தொகை 3,000 டாலருக்கு மேல் என்றால், முந்தைய வருடம் கட்டிய கூட்டாட்சி வருமான வரியை அடுத்த கணக்குத் தாக்கலில் கேட்கலாம். கேட்டோம், வந்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பணத்தைக் கடன் அட்டையில்தான் சுமந்தார். கையெழுத்துப் போடும் முன்பு அந்த நான்காம் பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தால், முழுத் தொகைக்குப் பதில் வேலை பார்க்காத மாதங்களுக்கு மட்டும் என்று திருத்தித் தரக் கேட்கச் சொல்லியிருப்பேன். கேட்டால் ஒத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. பாக்கி இருந்தது இரண்டே மாதம். 6,700 டாலருக்குள் முடிந்திருக்கும்.