பறவை தின்ற மீன் எந்தக் கணக்கில்?

போன வாரம் பினாங்கு சௌரஸ்தா சந்தைக்குக் கெம்போங் மீன் வாங்கப் போனேன். மீன்கடைக்காரர் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "முன்ன மாதிரி இல்லக்கா, இப்ப எல்லாம் சிறுசாத்தான் வருது" என்றார். நான் பேரம் பேச ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொண்டாரோ என்னவோ. ஆனால் அவர் கண்ணால் சொன்னதைத்தான் மீன்வள ஆய்வாளர்கள் அளவுகோலை வைத்து மாதாமாதம் எழுதிவைக்கிறார்கள். பிடிபட்ட மீனின் நீளத்தை வைத்து, கடலில் என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குளிர்நாட்டில் இவ்வளவு சுற்றிப்போக வேண்டாம். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சுண்ணாம்புத் துணுக்கு இருக்கிறது. கோடையில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் வளர்வதால், மரத்தண்டில் இருப்பதுபோல அதில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். வெட்டி எண்ணினால் வயது தெரிந்துவிடும். நமக்குக் கோடை ஏது, குளிர் ஏது? வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை.

அதனால் வெப்பக் கடல்களில் நீளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் மணிலாவில் இக்லார்ம் என்ற ஆய்வு மையத்தில் டேனியல் பாலி இதற்காக ஒரு கணினி நிரலை உருவாக்கினார். அதன் பெயர் எலிஃபான். யானைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எழுத்துச் சுருக்கம்தான். அந்த மையம் 2000இல் பினாங்குக்கே குடிவந்துவிட்டது. வேர்ல்ட்ஃபிஷ் என்ற பெயரில் பத்து மாவுங் என்ற ஊரில் இருக்கிறது. நாட்டின் மீன்வள ஆராய்ச்சிக் கழகமும் அதே பத்து மாவுங்கில்தான்.

கணக்கு இப்படிப் போகும். ஆயிரம் கெம்போங்கை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு படம் வரும். ஒவ்வொரு மேடும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த ஒரு கூட்டம். அடுத்த மாதம் அதே மேடு கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வுதான் வளர்ச்சி வேகம். பெரிய நீளங்களை நோக்கிப் போகப் போக மீன்களின் எண்ணிக்கை சரியும். எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவு வேகமாக மீன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பெரிய கெம்போங் தட்டில் அரிதாகிப்போனது இந்தச் சரிவின் வால்நுனி.

இப்படிக் கிடைப்பது மொத்தச் சாவு. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: வலையில் மாட்டிச் சாவது ஒன்று, மற்ற எல்லாச் சாவும் இன்னொன்று. இரண்டாவதை ஆய்வாளர்கள் 'எம்' என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். நோய், முதுமை, சூரை மீனின் வாய், ஆலாப் பறவையின் அலகு எல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் அடக்கம்.

சரி, எம் எவ்வளவு? அதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். 1980இல் பாலி 175 மீன் கூட்டங்களின் விவரங்களைத் திரட்டி ஒரு சூத்திரம் கொடுத்தார். மீனின் வளர்ச்சி வேகம், அது எட்டக்கூடிய அளவு, நீரின் வெப்பம், இந்த மூன்றையும் போட்டால் எம் வந்துவிடும். வேலைக்கு உதவும் சூத்திரம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பறவை என்ற சொல்லே அதில் கிடையாது. எம்மைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் மீனவர் தலையில் விழும் பங்கு குறையும், இறக்கிவைத்தால் கூடும். சாதுவாகத் தெரிகிற எழுத்து. அதை வைத்து எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன.

நீளத்தை மட்டும் நம்பாமல், ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். தாய்லாந்து வளைகுடாவில் ஆய்வுக் கப்பல்கள் 1961இல் இழுவலை போட்டபோது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோ கிடைத்தது. 1980களில் அது 50 கிலோ அளவுக்கு விழுந்தது. ஆய்வுக் கப்பல் மீன் இருக்கும் இடம் இல்லாத இடம் என்று பார்க்காமல் இழுப்பதால் இந்த எண்ணை நம்பலாம். மீனவர் படகின் எண் அப்படியல்ல. அவர் மீன் கூடும் இடத்துக்கே போவார். கூட்டம் சுருங்கினாலும் அந்த இடத்தில் வலை நிறையும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் விஷயத்தில் இப்படித்தான் ஏமாந்தார்கள். வணிகப் படகுகளின் எண் நன்றாகவே இருந்தது. 1992 ஜூலையில் பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்புறம் பறவை. மொத்தக் கடலில் எத்தனை டன் மீன் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குஞ்சு பொரித்திருக்கும் மாதங்களில், கூட்டிலிருந்து போய்த் திரும்பும் தூரத்துக்குள் மீன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தச் சிக்கல் முழுதாக வெடித்தது தென்னாப்பிரிக்காவில். அங்குள்ள பென்குயின்கள் உண்பது நெத்திலியும் மத்தியும். நாம் நாசி லெமாக்கில் தூவிச் சாப்பிடும் நெத்திலியின் உறவுக்கார மீன் அங்கே பெரும்பாலும் மீன் மாவாகவும் எண்ணெயாகவும் அரைபடுகிறது. இதற்கிடையில் ஆப்பிரிக்கப் பென்குயின் 10,000 இணைகளுக்கும் கீழே போய்விட்டது. 2024 அக்டோபரில் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள்.

மீன்பிடிப்புதான் காரணமா என்று பார்க்க 2008இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவு உட்பட நான்கு தீவுகளை இரண்டு ஜோடிகளாக எடுத்து, சுற்றிலும் 20 கிலோமீட்டருக்குச் சில ஆண்டுகள் மூடுவது, சில ஆண்டுகள் திறப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். முடிவு வந்தபோது புள்ளியியலாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே ஆண்டில் ஒரே தீவில் நூறு குஞ்சுகளை எடைபோட்டால் அது நூறு சான்றா, ஒரே சான்றா? கல்யாணப் பந்தியில் நூறு பேர் சாம்பாரைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் கொதித்தது ஒரே அண்டாதானே! நூறு என்று எண்ணினால் மூடியதன் பலன் உறுதியாகத் தெரியும். ஒன்று என்று எண்ணினால் பலன் மங்கலாகிவிடும். இந்த விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. எனக்கு இரு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் பென்குயின்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

2023இல் வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்று எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்தது. மூடினால் பென்குயினுக்கு நன்மை உண்டு, ஆனால் அந்த இனம் குறைந்துவரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது என்றது. அதோடு விட்டிருந்தால் இரு தரப்பும் தமக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு கலைந்திருக்கும். குழு ஒரு வழியும் சொன்னது. எங்கே மூடலாம் என்ற ஒவ்வொரு யோசனைக்கும் பென்குயினின் லாபத்தையும் மீனவரின் நட்டத்தையும் ஒரே படத்தில் குறியுங்கள். கோட்டில் ஓர் இடத்துக்குப் பிறகு மீனவர் இழப்பது மளமளவென்று ஏறும், பறவைக்குக் கிடைப்பது அற்பமாகிவிடும். அந்த வளைவில் நிறுத்துங்கள். எல்லையை வட்டமாக வரையாமல், முதுகில் ஒட்டிய சிறு கருவிகளைச் சுமந்து பென்குயின்கள் உண்மையில் இரை தேடிய இடங்களை வைத்து வரையுங்கள்.

உலகம் முழுவதுக்கும் பொருந்தும் ஒரு விதியும் உண்டு. 14 பறவை இனங்களை வைத்து 2011இல் வந்த ஆய்வின்படி, இரை மீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் குஞ்சு பிழைப்பது சரியத் தொடங்குகிறது. சிறு மீன்கள் மனிதன் கை வைக்காவிட்டாலும் ஏறி இறங்கும், ஆகவே பழியை முழுதாக வலைமேல் போடாதீர்கள் என்று 2017இல் மீன்வள அறிஞர் ரே ஹில்போர்ன் குழுவினர் மறுத்தார்கள். ஏறி இறங்குவது உண்மைதான். இறங்கியிருக்கும் ஆண்டிலும் அதே அளவு பிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் என் சந்தேகம்.

தூண்டிலில் மாட்டிச் சாகும் பறவைகளின் விஷயத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலின் இரையைக் கவ்வப் போய், அல்பட்ரோஸ் என்ற கடற்பறவை மூழ்கிவிடும். படகின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் ஒரு கயிற்றை இழுத்துச் சென்றால் பறவை கிட்டே வராது. நமீபியாவில் இதைக் கட்டாயமாக்கியதும் கடல்தரையில் இந்தத் தூண்டிலைப் போடும் படகுகளில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது.

தென்னாப்பிரிக்காவின் பென்குயின் சண்டை கடைசியில் நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கு 2025 மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி 10 ஆண்டுகளுக்கு மத்தி, நெத்திலி வலை போடக்கூடாது.