100205 என்று எழுதும் பிள்ளை

‘நூத்தி இருபத்தஞ்சு எழுது’ என்றால், இரண்டாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை 100205 என்று எழுதி நீட்டும். கவனக்குறைவு என்று பெருக்கல் குறி போட்டுவிடுகிறோம். உண்மையில் அது ரொம்பக் கவனமாகக் கேட்ட பிள்ளை. நூறு, இருபது, ஐந்து என்று காதில் விழுந்ததை வரிசையாக எழுதியிருக்கிறது.

நம் முன்னோர் எழுதியதும் ஏறக்குறைய இப்படித்தான். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் இருந்தன. 125 என்பது ௱௨௰௫. பத்தும் நூறும் தம் பெயரைத் தாமே சுமந்து வந்ததால் பூச்சியத்துக்கு அங்கே வேலையே இல்லை. இன்றைய முறையிலோ 1 வெறும் 1தான். அதை நூறாக்குவது அது நிற்கும் இடம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டை ஆறு வயதில் ஊகித்துக்கொள் என்றால் எப்படி?

16 புளியங்கொட்டையைப் பரப்பி, 16 என்று எழுதிக் காட்டுங்கள். 6ஐத் தொட்டு ‘இது எவ்வளவு?’ என்றால் பிள்ளை ஆறு கொட்டைகளை நகர்த்தும். 1ஐத் தொட்டால் ஒரே ஒரு கொட்டை! மிச்சம் ஒன்பது அநாதையாகக் கிடப்பது உறுத்துவதே இல்லை. அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் கமி என்ற கல்வி ஆய்வாளர் 1980களில் இப்படிச் சோதித்தபோது, நான்காம் வகுப்புப் பிள்ளைகளிலும் பலர் இதையே செய்தார்கள்.

மருந்து பழையதுதான்: ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும். ஆனால் டீச்சர் கட்டி வைத்த கட்டு உதவாது. பத்துக் குச்சியைப் பிள்ளையே எண்ணிக் கட்ட வேண்டும். 32இலிருந்து 7ஐ எடுக்கும்போது ஒரு கட்டை அதுவே அவிழ்க்கவும் வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்று நாம் சொல்லும் மர்மம் அந்த அவிழ்ப்புதான். ரூபாய் நோட்டு அதற்கு அடுத்த படி. பத்து ரூபாய் நோட்டைப் பிரித்தால் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காதே! அது நம்பிக்கையின் பேரில் பத்து. மணிச்சட்டம் இன்னும் கடினம்: எல்லா மணியும் ஒரே அளவு, மதிப்பு மட்டும் கம்பிக்குக் கம்பி மாறும். பல வகுப்புகளில் முதல் நாளே அதை நீட்டுவது எனக்குப் புரிவதில்லை.

100205க்குத் தனி வைத்தியம் உண்டு. 100, 20, 5 என மூன்று அட்டைகள், நீளத்தில் பெரியதிலிருந்து சிறியது. வலது ஓரம் பொருந்த ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பூச்சியங்கள் மறைந்து 125 தெரியும். தூக்கிப் பார்த்தால் அடியில் பூச்சியங்கள் பத்திரமாக இருக்கும். இருபது அட்டையை உருவிவிட்டால் 105. நடுப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

எண்ணுப்பெயர்களில் தமிழ்ப் பிள்ளைக்கு வசதி அதிகம். பதிமூன்று என்றாலே பத்தும் மூன்றும். ஆனால் ஒன்பதின் குடும்பம் மட்டும் கோளாறு: எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு, எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். நூறு வரும் முன்பே ‘நூறு’ காதில் விழுகிறது, ஆயிரம் வரும் முன்பே ‘ஆயிரம்’. இங்கே பெயரை நம்பாமல் குச்சிக் கட்டுகளை நம்பச் சொல்லலாம். ஒன்பது கட்டு, ஒன்பது உதிரி: தொண்ணூற்றொன்பது. இன்னொரு குச்சியைக் கையில் கொடுங்கள். உதிரிகள் பத்தாகி ஒரு கட்டாகும், கட்டுகள் பத்தாகிவிடும். கொஞ்ச நேரம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘ரப்பர் பேண்ட் பத்தாது, கயிறு வேணும்’ என்று பிள்ளை கேட்கும்.